எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில்

அந்த ஊரில் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு பேர் சம்மதித்தால் போதாது. ஒரு சூத்திரமும் சம்மதிக்க வேண்டும். சூத்திரங்கள் எல்லாம் இல்லற வாய்மை வாரியத்தின் கையில் இருந்தன. வாரியம் நாலு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. திறப்பு விழா அன்று அது அப்போதைய இயக்குநரை ஏற்றிக்கொண்டு மேலே போனது, பிறகு கீழே வரவேயில்லை. மேலே போன எதுவும் இங்கே கீழே வந்ததில்லை என்று ஊழியர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பேக்கரிக்காரர் அதுவரை அந்தக் கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. முப்பத்தெட்டு வயது வரை அவருக்கு அடுப்பு உண்டு, மாவு உண்டு, விடிந்ததும் ரொட்டி வாங்க வருகிறவர்கள் உண்டு, அவ்வளவுதான் உலகம். ரொட்டி கருகுவது கண்ணுக்குத் தெரியாமல் மூக்குக்கு மட்டும் தெரிய ஆரம்பித்த பிறகுதான் தெருமுனைக் கண்ணாடிக்கடைக்குப் போனார். அங்கே ஒரு பெண் அவர் மூக்கின் மேல் கனமான சட்டம் ஒன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?”

“ரெண்டுலயும் நீங்க நல்லாத்தான் தெரியறீங்க.”

“என்னைப் பார்க்கச் சொல்லலைங்க. அந்தச் சுவத்துல இருக்கிற எழுத்தைப் பாருங்க.”

“எந்தச் சுவர்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த சில மாதங்களில் பேக்கரிக்காரர் ஒரு கண்ணாடியை அடுப்பில் தவறவிட்டார், ஒன்றின் மேல் உட்கார்ந்தார், ஒன்றை மாவோடு சேர்த்துப் பிசைந்தார். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடினார். கண்ணாடிக்கடைக்காரியும் பச்சைக் குழந்தை இல்லையே. “இன்னொரு கண்ணாடியை உடைக்க வேணாங்க. சும்மாவே வாங்க” என்றாள் ஒரு நாள். அன்று அவர் சுட்ட ரொட்டி எதிலும் உப்பு இல்லை. வாங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரே சொந்தம் அண்ணன். கப்பலில் எஞ்சின் பார்ப்பவர். அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். விடுமுறையில் வந்திருந்தார், சனிக்கிழமை கப்பல் ஏறினால் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். “அண்ணன் பக்கத்துல நிக்காம எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது.

“ரெண்டு பேரும் இன்னும் ‘வாங்க, போங்க’ன்னே பேசிக்கிறீங்களே. நீங்க கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா, இல்ல கமிட்டி கூட்டம் போடப் போறீங்களா?”

“பழகிடும் சார்” என்றார் பேக்கரிக்காரர்.

“இதுல ‘சார்’ வேற” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பேக்கரிக்காரரும் கண்ணாடிக்கடைக்காரியும் வாரியத்துக்குப் போனார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சுவர் கூரை வரை கரி பிடித்திருந்தது. போன வருஷம் ஆவண அறையில் தீப்பிடித்ததன் மிச்சம் அது. கரிச் சுவருக்கு எதிரே விசாரணை ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், பேக்கரிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே, “மூணாவது மாடி, இடது பக்கம்” என்றாள்.

“நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேம்மா.”

“அதான் பதிலைச் சொல்லிட்டேன்ல? இப்போ கேளுங்க.”

பேக்கரிக்காரர் கண்ணாடிக்கடைக்காரியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்?”

“மூணாவது மாடி, இடது பக்கம்.”

“கல்யாண அனுமதி எங்க கேக்கணும்?”

“மூணாவது மாடி, இடது பக்கம்.”

“அங்க யாரும் இல்லேன்னா?”

இதற்கு மட்டும் அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “மேல கேட்டுச் சொல்றேன்.”

“இது பதிலே இல்லையேம்மா.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “பதில் இல்லைன்னு யாரு சொன்னா? ‘மேல கேட்டுச் சொல்றேன்’ங்கிறது முழுமையான பதில்னு வாரியத்துல தீர்மானமே போட்டிருக்கு சார். அந்தத் தீர்மானம் இல்லேன்னா இங்க வர்ற கேள்வியில பாதி அந்தரத்துல நிக்கும். அப்புறம் எங்க மரியாதை என்ன ஆகுறது?”

மூன்றாவது மாடியின் இடது பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் இருந்தது, அனுமதிக் கூடமும் இருந்தது. பதிலை முதலில் முடிவு செய்துவிட்டு, குழாயை அதற்கேற்றபடி நகர்த்தி வைத்திருந்தார்கள். கூடத்தின் கோடியில் மூன்று கதவுகள். ஒன்றின் மேல் ‘பொய்’ என்று எழுதியிருந்தது; அதன் கைப்பிடி பலர் பிடித்துப் பிடித்துப் பளபளவென்றிருந்தது. அடுத்ததன் மேல் ‘உண்மை’ என்று இருந்தது. அதன் முன்னால் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது கழிப்பறை. உண்மை, பொய் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உலகில் இல்லை என்பது வாரியத்தின் கொள்கை என்றாலும், ஊழியர்கள் போராடிப் பெற்ற சலுகை அது.

அவர்களை வரவேற்றவர் ‘ஏதாவது’ பிரிவின் அதிகாரி. பருத்த உடம்பு, தூக்கம் வழியும் கண். எல்லோரும் அவரை ஏதாவது சார் என்றே கூப்பிட்டார்கள். பேக்கரிக்காரருக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

“இங்க ரெண்டே ரெண்டு பிரிவுதான்” என்று அவர் விளக்கினார். “ஒண்ணு ‘எல்லாம்’ பிரிவு, இன்னொண்ணு ‘ஏதாவது’ பிரிவு. உங்க ரெண்டு பேரையும் நாங்க ஒரு சூத்திரமா எழுதுவோம். அதுல மாறிகள் இருக்கும். மழை பெய்யுதா இல்லையா, அவங்களுக்குக் கோபமா இல்லையா, எல்லாத்துக்கும் ஆமா, இல்லைன்னு ரெண்டே நிலை. ‘இது எப்படி இருந்தாலும்’னு வர்ற மாறிகளை அந்தப் பிரிவோட அதிகாரி, ‘எல்லாம்’ சார், பார்த்துக்குவார். ‘இதுக்கு ஏதாவது ஒரு வழி’ன்னு வர்ற மாறிகளை நான் பார்த்துக்குவேன். அவர் உங்களைப் பொய்யாக்கப் பார்ப்பார். நான் உண்மையாக்கப் பார்ப்பேன். மேலே ஒரு பல்பு இருக்கு பாருங்க, அது எரிஞ்சா கல்யாணம்.”

“விளையாட்டு மாதிரி இருக்கே” என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

“விளையாட்டேதாம்மா. ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். அவர்கிட்ட மழை சுவிட்சு. என்கிட்ட குடை சுவிட்சு. மழை பெஞ்சா கையில குடை இருக்கணும். மழை இல்லேன்னா வீணா குடை சுமக்கக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.”

“இதுல என்ன சார் கஷ்டம்?” என்று பேக்கரிக்காரர் சிரித்தார். “மழை வருதான்னு பார்த்துட்டுக் குடையை எடுக்கிறது.”

ஏதாவது சார் பெருமூச்சு விட்டார். “ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தது.”

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வாரியத்தின் முதல் விதி இது: ‘இல்லறத்தில் எழும் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் இருத்தல் வேண்டும்.’ இதை எழுதிய புண்ணியவான்கள், கேள்விக்குக் கேள்வி ஏதோ ஒரு பதில் இருந்தால் சரி என்றுதான் நினைத்து எழுதினார்கள். எல்லாம் சார் ஒரு கேள்வியைப் போடுவார், ஏதாவது சார் அதற்குத் தோதாக ஒரு பதிலைப் போடுவார், பல்பு எரியும், ஜோடி கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். இப்படியே நிம்மதியாக நடந்துகொண்டிருந்தபோது புது இயக்குநர் வந்தார். அவர் விதியைப் படித்துக்கொண்டே வந்து ‘ஒரு’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். கருத்தரங்கம் கூட்டினார். மூன்று அமர்வுகளுக்குப் பிறகு முடிவு வெளியானது: ஒரு என்றால் ஒன்று; ஒன்று என்றால் ஒன்றே ஒன்று. ஆகவே எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கலாம். அது கேள்விகள் பிறக்கும் முன்பே இருந்தாக வேண்டும். எனவே முதலில் பதில், பிறகு கேள்வி.

“அதாவது, குடை வேணுமா வேணாமான்னு முதல்லயே நான் சுவிட்சைப் போட்டுடணும்” என்றார் ஏதாவது சார். “அதைப் பார்த்துட்டு எல்லாம் சார் மழையைப் போடுவார், இல்ல வெயில் அடிக்க விடுவார்.”

“அப்படின்னா அவர்தானே எப்பவும் ஜெயிப்பார்?”

“புது விளக்கம் வந்ததுலேர்ந்து நான் கண்ணை மூடிக்கிட்டுத்தாம்மா சுவிட்சு போடறேன். ஒரு வித்தியாசமும் தெரியல.”

“தோத்துட்டா மறுபடி வரலாமா?” என்று பேக்கரிக்காரர் கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“சூத்திரம் ஒரு தடவை பொய்யாயிட்டா பொய்தான் சார். அது நாளைக்கு மனசு மாறாது. பொய்யான ஜோடி ஆயுசுக்கும் பொய்.”

ஏதாவது சார் ரகசியமாக இன்னொன்றும் சொன்னார். எல்லாம் சார் கெட்டவர் இல்லையாம். கீழே விசாரணை ஜன்னலில் இருக்கிற பெண்ணும் அவரும் போன வருஷம் இங்கேயே விண்ணப்பித்தார்களாம். வேறு ஆள் இல்லாததால் எல்லாம் சார் தனக்கான கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு, கடமை தவறாமல் தன்னையே தோற்கடித்தாராம். அதற்கு வாரியம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறது.

வியாழக்கிழமைக்கு நாள் குறித்து, அன்று ஆளுக்கொரு பதிலோடு வரச் சொன்னார்கள்; பதில் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று இயக்குநர் தீர்ப்பு சொல்வார். வெளியே விடுவதற்கு முன் இயக்குநரின் வரவேற்புரையைக் கேட்டாக வேண்டும் என்பது நடைமுறை. இயக்குநர் நாலாவது மாடியிலிருந்து படியிறங்கி, மூச்சிரைக்க மேடை ஏறினார்.

“அன்பார்ந்த மாறிகளே!” என்று தொடங்கினார். “உங்களை மாறிகள் என்று அழைப்பதில் வருத்தப்பட வேண்டாம். மாறி என்றால் மாறும். மாறுவதை மாறாமல் நிறுத்தி வைப்பதே எங்கள் பணி. நான் பொறுப்பேற்பதற்கு முன்னால் இந்த ஊரில் வருஷத்துக்கு எத்தனை விவாகரத்துகள் நடந்தன தெரியுமா? எண்ணி மாளாது. புதிய விளக்கம் வந்த பிறகு? புதிதாக மணந்தவர்களில் ஒரு விவாகரத்துகூட இல்லை! ஒரு கணவன், மனைவியிடம் குரலை உயர்த்தினான் என்ற புகார் உண்டா? இல்லை. மாமியார் மருமகள் சண்டை? கிடையவே கிடையாது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வெளியூர் வல்லுநர்கள் வியக்கிறார்கள். நான் சொல்கிறேன்: தர்க்கம்!”

“யாருக்குமே கல்யாணம் ஆகலைன்னா சண்டை எங்கேர்ந்து வரும்?” என்று கண்ணாடிக்கடைக்காரி முணுமுணுத்தாள்.

“அந்தக் கேள்விக்கான பதில் ஏற்கெனவே உரையில் இருக்கிறது” என்றார் இயக்குநர், காது கூர்மையானவர்.

அன்று மத்தியானம் பேக்கரியில் மாவுப் பலகையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்துகிற பதில் ஒன்று வேண்டும். அண்ணன் கேள்வி கேட்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கப்பலில் எஞ்சின் நின்றுபோனால் மேலதிகாரிகள் கேட்கும் கேள்விகள் அவருக்குப் பழக்கம்.

“‘அன்பா இருப்பேன்’னு சொல்லலாமா?” என்றார் பேக்கரிக்காரர்.

“வீட்ல சமைக்க என்ன இருக்கு?”

“அன்பா... சரி, வேணாம். ‘விட்டுக்கொடுப்பேன்’?”

“திருடன் வந்து உன் தங்கச் சங்கிலியைக் கேக்கறான்.”

“என்கிட்ட சங்கிலி இல்லையே சார்.”

“அவனுக்கு அது தெரியாதுல்ல.”

“‘ஆமா’ன்னு மட்டும் சொல்லிட்டா?” என்றாள் தங்கை.

“உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாவு பொங்கி வழிந்து, ரொட்டியாகி, விற்றும் தீர்ந்துவிட்டது. பதில் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் மேஜையைத் தட்டினார். “நான் கப்பல்ல எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சொல்லுவேன். ‘பார்த்துக்கலாம்.’ எஞ்சின் நின்னுடுச்சா? பார்த்துக்கலாம். புயல் வருதா? பார்த்துக்கலாம். எதைக் கேட்டாலும் பொருந்தும்.”

மூன்று பேரும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். பொருந்தத்தான் செய்தது. அன்று ராத்திரி பேக்கரிக்காரர் வயிறாரச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை கூடத்தில் அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. ஒரு தபால்காரர், ஒரு தையற்காரி. தபால்காரர் நிமிர்ந்து நின்று, கணீரென்று பதிலைச் சொன்னார்: “பார்த்துக்கலாம்.”

கண்ணாடிக்கடைக்காரி பேக்கரிக்காரரின் கையை இறுகப் பிடித்தாள். ஏதாவது சார் கண்ணை மூடிக்கொண்டு, பதிலைப் பதிவு செய்யும் பச்சை சுவிட்சைப் போட்டார். எதிர் மேஜையிலிருந்த எல்லாம் சார் மெலிந்த மனிதர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆசையோடு முன்னால் குனிந்தார்.

“உங்க மனைவி உங்க கண் முன்னாடியே தண்ணியில விழுந்துட்டாங்க. என்ன செய்வீங்க?”

“பார்த்துக்கலாம்” என்று ஏதாவது சார் பதிலை உரக்கப் படித்தார்.

“கரையில நின்னு பார்த்துக்கலாமா?” என்றார் எல்லாம் சார் மெதுவாக. இயக்குநர் ‘பொருந்தாது’ என்று தலையை ஆட்டினார். தபால்காரரும் தையற்காரியும் பளபளக்கும் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்கள். தையற்காரி அழுதுகொண்டே போனாள். பேக்கரிக்காரருக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

“அடுத்த ஜோடி!”

எழுந்து நடந்ததுதான் பேக்கரிக்காரருக்குத் தெரியும். மூளையில் மாவு பிசைகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மேஜைக்குப் பின்னாலிருந்து இயக்குநர் கேட்டார்: “ஆணின் பதில்?”

பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பக்கத்தில் நின்றவளைத் தேடின. “ஒரு நிமிஷம் சார்” என்றார். “இவங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

டக் என்று சத்தம் கேட்டது. ஏதாவது சார் கண்ணை மூடியபடியே சுவிட்சைப் போட்டுவிட்டார். “பதில் பதிவாயிற்று” என்றார். “‘இவங்களைக் கேட்டுச் சொல்றேன்.’”

“ஐயையோ, அது பதில் இல்ல சார்! பதிலைக் கேக்கத்தான்...”

“பதிவானது பதிவானதுதான்” என்றார் இயக்குநர்.

கண்ணாடிக்கடைக்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார். அவள் திட்டவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல நெற்றியைச் சுருக்கினாள்.

எல்லாம் சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “மனைவி ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசல. காரணம் தெரியல. என்ன செய்வீங்க?”

“இவங்களைக் கேட்டுச் சொல்றேன்” என்று ஏதாவது சார் படித்தார்.

இயக்குநர் தாடையைச் சொறிந்தார். “பொருந்தும்.”

எல்லாம் சாரின் புருவம் உயர்ந்தது. முதல் கேள்வியைத் தாண்டிய பதிலை அவர் பார்த்தே நாளாகிவிட்டது. “வீட்டுக்கு வந்த விருந்தாளி, ‘இந்த வீட்ல யாரு பேச்சு எடுபடும்’னு கேக்கறார்.”

“இவங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

“பொருந்தும்” என்றார் இயக்குநர். “கேள்வியைவிட நன்றாகவே பொருந்துகிறது.”

“சரி. மனைவிக்குத் தெரியாம, அவங்க ஆச்சரியப்படற மாதிரி ஒரு பரிசு வாங்கணும். என்ன வாங்குவீங்க?”

“இவங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

“ஆகா!” என்று எல்லாம் சார் துள்ளினார். “தெரியாம வாங்க வேண்டியதை அவங்களையே கேட்டா எப்படி?”

“கேக்கணும் சார்” என்று கண்ணாடிக்கடைக்காரி குறுக்கிட்டாள். “போன தடவை இவர் கேக்காம ஒரு குடை வாங்கிட்டு வந்தார். நான் ஆச்சரியப்பட்டேன்தான், என்கிட்ட ஏற்கெனவே மூணு குடை இருக்கு. கேட்டிருந்தா அந்த ஆச்சரியம் மிச்சமாயிருக்கும்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் ஒருமுறை கேட்காமல் ஒரு தையல் இயந்திரம் வாங்கிக்கொண்டு போனேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “இன்று வரை அதைப் பற்றி வீட்டில் பேச்சு ஓயவில்லை. பொருந்தும்.”

எல்லாம் சாரின் நெற்றி வேர்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார். கையை மேஜையில் ஓங்கி அறைந்தார். “வீடு பத்திக்கிட்டு எரியுது! நெருப்பு கூரை வரைக்கும் வந்தாச்சு! என்ன செய்வீங்க?”

“இவங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

பேக்கரிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆயுசுக்கும் பொய் என்ற வார்த்தை காதுக்குள் ஒலித்தது. எரிகிற வீட்டில் நின்றுகொண்டு கேட்டுச் சொல்வதாவது! இயக்குநர் வாயைத் திறந்து ‘பொருந்...’ என்று ஆரம்பித்தார், ‘தாது’ இன்னும் வரவில்லை.

அப்போது யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. ஏதாவது சார் கண்ணைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் சார். போன வருஷம் கீழ ஆவண அறையில தீப்பிடிச்சதே, ஞாபகம் இருக்கா? தீயணைப்பு வண்டி வந்து, ‘உள்ள வரலாமா’ன்னு கேட்டாங்க. நாம என்ன பதில் சொன்னோம்?”

இயக்குநர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

“‘மேல கேட்டுச் சொல்றோம்’னு சொன்னோம். அறை எரிஞ்சு முடிஞ்சது. அப்புறம் பத்திரிகைக்காரங்க வந்தப்ப, அது முழுமையான, சரியான பதில்தான்னு நீங்களே தீர்மானம் போட்டீங்க. நான்தான் வழிமொழிஞ்சேன். தீக்கே பொருந்துற பதில்னு அதுல ஒரு வரி இருக்கு சார். நீங்க சேர்க்கச் சொன்ன வரி.”

இயக்குநர் ஏதாவது சாரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தீக்குக் ‘கேட்டுச் சொல்றேன்’ பொருந்தாது என்றால் வாரியத்தின் தீர்மானம் பொய். தீர்மானம் பொய் என்றால் வாரியமே பொய். வாரியம் போகவேண்டிய கதவு அதோ பளபளக்கிறது.

“பொருந்தும்” என்றார், பல் பிடுங்கப்பட்டவர்போல.

பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்தார். உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எல்லாம் சார் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. கேடயம் சும்மாவா கொடுத்தார்கள்? “இன்னும் பெண்ணோட பதில் பாக்கி இருக்கு” என்றார்.

“பெண்ணின் பதில்?” என்று இயக்குநர் கேட்டார்.

கண்ணாடிக்கடைக்காரிக்கு இதழோரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் போட்ட கணக்கு முடிந்திருந்தது. “இவரைக் கேட்டுச் சொல்றேன் சார்.”

டக். பதிவாயிற்று.

எல்லாம் சார் முதலில் புரியாமல் நின்றார். பிறகு முகம் மலர்ந்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “மாட்டினாங்க! சார், மாட்டினாங்க! ஏதாவது ஒரு கேள்வி. இன்னிக்கு ராத்திரி என்ன சமையல்? இவர் அவங்களைக் கேப்பார். அவங்க இவரைக் கேப்பாங்க. இவர் மறுபடி அவங்களைக் கேப்பார். அவங்க மறுபடி இவரை. இது எங்க சார் போய் முடியும்?”

இயக்குநர் விரலை இடமும் வலமும் ஆட்டி மனதுக்குள் நடத்திப் பார்த்தார். தலை சுற்றியது. “அம்மா” என்றார், “அவர் கேட்பது நியாயம்தான். நீங்கள் இவரைக் கேட்க, இவர் உங்களைக் கேட்க... இதற்கு ஒரு முடிவு வேண்டாமா?”

“முடியணும்னா எதுக்கு சார் கல்யாணம் பண்ணிக்கணும்?” என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. “பேச்சு முடியவே கூடாதுன்னுதான் வந்திருக்கோம்.”

எல்லாம் சார் மெல்ல உட்கார்ந்தார். அவர் பார்வை படிக்கட்டுப் பக்கம் போயிற்று. படிக்கு அடியில், விசாரணை ஜன்னலில், யாரோ யாருக்கோ “மூணாவது மாடி, இடது பக்கம்” என்று சொல்வது கேட்டது.

“பொய்யில் போய் முடிந்தால்தான் பொய்” என்றார் இயக்குநர் நிதானமாக. “முடியாததைப் பொய் என்று சொல்ல விதியில் இடமில்லை. ‘எல்லாம்’ பிரிவுக்கு வேறு கேள்வி உண்டா?”

“இல்ல சார்” என்றார் எல்லாம் சார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்தக் கூடம் முதல் முறையாகக் கேட்டது.

சூத்திரம் உண்மையாயிற்று. பல்பு மட்டும் எரியவில்லை. அது எப்போதோ பழுதாகியிருந்தது, தேவைப்படாததால் யாரும் கவனிக்கவில்லை. ஏதாவது சார் தன் பருத்த உடம்போடு எழுந்துபோய், உடைந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். எல்லாம் சாரும் ஒரு கை கொடுத்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டே இயக்குநரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார்... பழைய பொய்களை மறுபடி ஒருதரம் பார்க்க வழி இருக்குமா? எனக்காகக் கேக்கல. பொதுவாத்தான்.”

“மேலே கேட்டுச் சொல்...” என்று இயக்குநர் பழக்கத்தில் ஆரம்பித்தார். தனக்கு மேலே லிஃப்ட் ஒன்றுதான் நிற்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றார்.

‘உண்மை’க் கதவு மூன்று பேர் தள்ளிய பிறகு கிறீச்சிட்டுத் திறந்தது. அதற்கப்பால் ஒட்டடை படிந்த படிக்கட்டு ஒன்று கட்டடத்தின் பின்புறத் தெருவுக்கு இறங்கியது. பேக்கரிக்காரரும் கண்ணாடிக்கடைக்காரியும் தலையெல்லாம் நூலாம்படையோடு இறங்கி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். அங்கே அண்ணன் ‘பொய்’ வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லா ஜோடியும் அந்த வழியாகத்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தபால்காரர் ஜோடி வந்துபோய் வெகுநேரம் ஆகியும் இவர்களைக் காணாததால், மனிதர் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனிக்கு வந்திருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வியே இல்லாமல் போயிற்று. கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

“சரி, சொல்லுங்க. கல்யாணம் எப்போ?”

“மச்சான்” என்றார் பேக்கரிக்காரர். “ஒரு நிமிஷம். இவளைக் கேட்டுச் சொல்றேன்.”

அண்ணன் காதில் ‘மச்சான்’ விழுந்தது. தங்கை காதில் ‘இவளை’ விழுந்தது. அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வில்லை மாற்றிப் போட்ட முதல் நாளிலிருந்து அவள் காத்திருந்த சொல் அது. நிமிர்ந்து, நூலாம்படை ஒட்டிய அவர் கண்ணாடியைத் தன் கையால் துடைத்துவிட்டு, “நீ என்ன சொல்றே?” என்றாள்.

“நீ சொல்லு.”

“இல்ல, நீ சொல்லு.”

“உனக்கு எப்போ தோதுப்படும்?”

“உனக்கு எப்போ தோதுப்படும்னு தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும்?”

அண்ணன் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். சனிக்கிழமை கப்பல் ஞாபகம் வந்தது.

“நாளைக்குக் காலையில” என்றார். “நான் யாரையும் கேக்கப் போறதில்ல.”